ஊதல் சத்தம் நச்சுக்கொடிக்குப் போன வழி

தெமோதரையில் ரயில் தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகும். எல்லையில்லாத வளைவுகளைத் தாண்டி, எல்ல நிலையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து வருகிற பதுளை ரயில் இங்கே மேடையில் நின்று புறப்படும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்று முன் தான் நின்ற நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பாதை பதுளைவரை திறந்தது 1924இல். சரிவில் வழி கண்டுபிடிக்க முடியாமல் தவித்த பொறியியலாளருக்கு, தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று மலையகத்தில் கதை உண்டு. உல்லாசப் பயணிகள் போனைத் தூக்கிக்கொண்டு படம்பிடிப்பது அந்தச் சுற்றைத்தான்.

எனக்கு அங்கே அக்கறை ஊதலில். டொப்ளர் விளைவைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் எல்லாரும் உதாரணத்துக்கு ரயிலைத்தான் கூப்பிடுவார்கள். கிட்ட வரும்போது ஊதலின் சுருதி ஏறியும் விலகிப் போகும்போது இறங்கியும் கேட்கும் என்பார்கள். தெமோதரைப் பிள்ளைகள் இதைச் சந்தேகப்பட்டால் குற்றம் சொல்ல முடியாது. மலைப் பாதையில் ரயில் மணிக்கு 25 கிலோமீற்றர் போகிறது என்று வைத்துக்கொண்டால், வரும் சுருதிக்கும் போகும் சுருதிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 4 வீதம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதற்கடுத்த கட்டைக்கும் இடையில் 6 வீதம் இருக்கிறது. நாலு பக்கமும் மலை எதிரொலிக்கிற இடத்தில் இந்த 4 வீதத்தைப் பிடிப்பது சுலபமில்லை.

வளைவில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாதை சரியான வட்டமாக இருந்து, அதன் நடுவில் ஒருவர் நின்றால், ரயில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அவருக்குச் சுருதி மாறவே மாறாது. ரயில் அவரை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. தூரம் மாறாத ஓட்டம் டொப்ளர் கணக்கில் ஓட்டமே இல்லை. இந்தக் குருட்டு இடம் ரயில் பாதையோடு நின்றுவிடவில்லை. மனித உடம்புக்குள், ரத்தக் குழாய் வரைக்கும் கூடவே வந்தது.

கிறிஸ்டியன் டொப்ளர் சல்ஸ்பேர்க் நகரத்துக் கல்தச்சர் குடும்பத்தில் 1803இல் பிறந்தவர். உடம்பு நோஞ்சானாக இருந்ததால் உளியை எடுக்க விடாமல் படிக்க அனுப்பினார்கள். நிலையான உத்தியோகம் கிடைக்காமல், சாமான்களை விற்றுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறும் யோசனையில் இருந்தபோதுதான் பிராக் நகரில் வேலை வந்தது. 1842ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி அங்குள்ள பொஹீமிய அறிவியல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரட்டை நட்சத்திரங்கள் ஏன் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன என்பதுதான் விஷயம். நம்மை நோக்கி வரும் நட்சத்திரம் நீலமாகவும் விலகிப் போவது சிவப்பாகவும் தெரிகிறது என்றார் அவர். அலையைப் பற்றிய கணக்கு சரி, நட்சத்திர நிறத்துக்குச் சொன்ன காரணம் பிழை. நட்சத்திரத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் வெப்பம். பிழையான கேள்விக்குச் சரியான சூத்திரம் எழுதிய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். நுரையீரல் நோயால் வெனிஸ் நகரில் 1853இல் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

டொப்ளரின் கணக்கைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டவர் நெதர்லாந்தின் பாய்ஸ் பல்லோட். அப்போது அவருக்கு வயது 27. உலகத்திலேயே வேகமாக ஓடக்கூடிய வண்டி அன்றைக்கு ரயில் இன்ஜின். உத்ரெக்ட் நகருக்கும் மார்சனுக்கும் இடையிலான பாதையில் ஒரு இன்ஜினையும் திறந்த பெட்டியையும் கேட்டு வாங்கினார். பெட்டியில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றினார். தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி ஞானமுள்ள சங்கீதக்காரர்களை நிறுத்தினார். 1845 பெப்ரவரியில் நடந்த முதல் முயற்சி பனியிலும் குளிரிலும் கெட்டது. ஜூன் மாதம் 3ஆம், 5ஆம் திகதிகளில் திரும்பச் செய்தார்கள். ஒரு தடவை கொம்பு பெட்டியில் ஓடியது, மற்றத் தடவை கேட்பவர்கள் பெட்டியில் ஓடினார்கள். இன்ஜினின் இரைச்சலுக்கு நடுவே, கொம்பு கிட்ட வரும்போது சுருதி ஏறுவதையும் போகும்போது இறங்குவதையும் அந்தச் சங்கீதக்காரர்கள் காதாலேயே குறித்தார்கள். சத்தத்தைப் பொறுத்தவரை டொப்ளர் ஜெயித்தார். நட்சத்திர நிறத்தைப் பொறுத்தவரை பாய்ஸ் பல்லோட் கடைசிவரை தலையாட்டவில்லை, அதிலும் அவர்தான் சரி.

இந்த விளைவை அளந்த முதல் கருவி காதுதான் என்பதை ஒரு காரணமாகத்தான் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இது ரத்தத்துக்கு வந்தபோதும் முதலில் வேலை செய்தது காதுதான்.

அதற்கு முன்னால் ஓர் உறுப்புக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று எப்படிப் பார்த்தார்கள்? தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்றைக்கும் செய்வதுதான். நகத்தை அமுக்கினால் வெளுக்கும், விட்டால் சிவக்கும். இரண்டு செக்கனுக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் யோசிக்க வேண்டும். காலைத் தொட்டுப் பார்த்துச் சூடு போதுமா என்பார்கள், பாதத்தின் மேல் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். இதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் ஊசியால் குத்தி மருந்தோ சாயமோ ஏற்ற வேண்டும், அல்லது குழாயைத் திறந்து கருவி வைக்க வேண்டும். குத்தாமல், கீறாமல், உள்ளே ஓடுவதை வெளியே இருந்து அளப்பது ஒரு ஏக்கமாகவே இருந்தது.

யப்பானில் ஒசாக்கா பல்கலைக்கழகத்தின் ஷிகேயோ சாதோமுரா வைத்தியரல்ல, ஒலியை ஆராய்ந்தவர். மனிதக் காதுக்குக் கேளாத கழியொலியை நெஞ்சுக்குள் அனுப்பி, இதயச் சுவரும் வால்வுகளும் அசைவதை அவற்றிலிருந்து திரும்பும் எதிரொலியின் சுருதி மாற்றத்தால் பிடிக்க 1950களின் நடுப்பகுதியில் முயன்றார். 1957இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இதயத்தைத் தேடிப் போனவருக்குக் குழாய்களிலிருந்தும் ஓர் இரைச்சல் வந்தது. ஓடும் ரத்தத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்தது. ரத்தத்தில் எதிலிருந்து வருகிறது என்பதுதான் புதிர். ரத்தத்தில் மிதந்து ஓடும் கோடிக்கணக்கான செங்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றும் அந்த ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பியடிக்கின்றன என்ற விளக்கம் பிறகுதான் உறுதிப்பட்டது. சாதோமுரா 1960இலேயே, நாற்பது வயதை ஒட்டி, இறந்துபோனார். அதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டீன் பிராங்ளினும் ராபர்ட் ரஷ்மரும் இதே வழியில் ரத்த ஓட்டத்தை அளந்து 1961இல் வெளியிட்டார்கள்.

இங்கே இயற்கை செய்த ஓர் உபகாரம் இருக்கிறது. செக்கனுக்கு 50 இலட்சம் தடவை அதிரும் கழியொலியை எடுத்துக்கொள்வோம். அது உடம்பு இழையத்துக்குள் செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் போகிறது. செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் வரும் ரத்தத்தில் பட்டுத் திரும்பினால், சுருதி மாற்றம் சுமார் 3,200 அதிர்வு. அனுப்பிய ஒலி நமக்குக் கேளாது, திரும்பிய ஒலியும் கேளாது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கக்கூடிய எல்லைக்குள் வந்து விழுகிறது. அதனால்தான் ஸ்கேன் அறையில் வைத்தியர் டொப்ளரைத் திறந்ததும் 'உஷ்... உஷ்...' என்று சத்தம் வருகிறது. பலர் நினைப்பதுபோல் அது ரத்தம் ஓடும் சத்தமல்ல. இரண்டு கேளாத ஒலிகளின் வித்தியாசத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறோம்.

வளைவின் நடுவில் நிற்பவரின் சங்கடம் இங்கேயும் வருகிறது. கருவியைக் குழாய்க்குச் செங்குத்தாகப் பிடித்தால் ரத்தம் கருவியை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. எவ்வளவு பாய்ந்தாலும் காதுக்கு ஒன்றும் வராது. அதனால் பழகியவர்கள் கையைச் சாய்த்துச் சாய்த்துச் சத்தம் தெளியும் கோணத்தைத் தேடுவார்கள். வேகத்தை எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கோணமும் தெரிந்திருக்க வேண்டும். சலரோகக்காரரின் கணுக்காலில் பேனா அளவு டொப்ளரை வைத்துத் தேடும் தாதி, அந்தக் கணக்கைக் கையாலேயே போடுகிறார். கையின் ரத்த அழுத்தத்தோடு கணுக்காலின் அழுத்தத்தை ஒப்பிட்டு, விகிதம் 0.9க்குக் கீழே இறங்கினால் காலுக்குப் போகும் குழாய் அடைபடுகிறது என்று சந்தேகிப்பார்கள். நீண்ட காலச் சலரோகத்தில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் இந்த விகிதம் பொய்யாகக் கூடிக் காட்டும். அங்கே பெருவிரலின் அழுத்தத்தையோ தோலின் ரத்த ஓட்டத்தையோ பார்க்க வேண்டும்.

பெரிய குழாயில் ஓடுவதை அளப்பது ஒன்று, இழையத்துக்குள் ஊறிப் பரவுவதை அளப்பது வேறு. காலுக்கு ரத்தம் போகிறது என்பதால் விரல் நுனியின் தோலுக்குக் கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. கடைசிக் கட்டம் மயிர்த்துளைக்குழாய்களில் நடக்கிறது. அங்கே செங்குருதிக் கலத்தின் வேகம் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றருக்குள்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் போனாலும் தோட்டத்துப் பழைய லயத்தின் 12 அடிக் காம்பராவைத் தாண்டாது. சாதாரணக் கழியொலி இந்த ஆமை வேகத்தைச் சுற்றியுள்ள தசையின் அசைவிலிருந்து பிரித்தறியத் திணறும். அலைநீளம் இன்னும் சின்னதாக வேண்டும். ஒளி வேண்டும்.

1960இல் லேசர் பிறந்தது. நாலு வருஷத்துக்குள் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யேயும் கம்மின்ஸும் ஓடும் நீரின் வேகத்தை லேசரின் டொப்ளர் மாற்றத்தால் அளந்தார்கள். ஒளியின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். சிவப்பு லேசர் செக்கனுக்கு ஏறக்குறைய 470 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. மயிர்த்துளைக்குழாயில் நகரும் கலம் அதில் செய்யும் மாற்றம் ஒரு 3,000 அதிர்வு. பதினையாயிரம் கோடியில் ஒரு பங்கு. இதை நேராக அளக்க ஆசைப்படுவது வீண். தோலுக்குள் அசையாமல் இருக்கும் பொருளில் பட்டு மாறாமல் திரும்பும் ஒளியும், ஓடும் கலத்தில் பட்டு மாறித் திரும்பும் ஒளியும் ஒரே இடத்தில் வந்து கலந்தால், ஒன்றோடொன்று மோதி மெல்லத் துடிக்கும். வீணையில் இரண்டு தந்தி கொஞ்சம் சுருதி விலகினால் கேட்கும் அதிர்வும் இதே இனம். அந்தத் துடிப்பை அளந்தால் போதும். அதுவும் சில ஆயிரம் அதிர்வு, அதுவும் காதின் எல்லைக்குள்.

1972இல் ரீவா, ரொஸ், பெனெடெக் ஆகிய மூவரும் முயலின் கண் விழித்திரைக் குழாயில் இதைச் செய்தார்கள். 1975இல் மைக்கேல் ஸ்டேர்ன் மனிதத் தோலில், தனிக் குழாயை விட்டுவிட்டு இழையத்தையே மொத்தமாக எடுத்துச் செய்து காட்டினார். சுவீடனின் லிங்ஷொப்பிங் நகரில் நில்சனும் கூட்டாளிகளும் 1980இல் அதை மருத்துவமனையில் வைக்கக்கூடிய கருவியாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில், ஒரு புள்ளியில் வைத்து அளந்ததைத் தோல் முழுதும் நகர்த்திப் படமாக்கும் இயந்திரம் வந்தது. ரத்தம் நிறைய ஓடும் இடம் சிவப்பு, ஓடாத இடம் நீலம். தோலைத் தொடவே வேண்டியதில்லை.

இங்கே ஒரு பேரம் நடந்தது. இழையத்துக்குள் போன ஒளி எண்ணற்ற தடவை சிதறி, எல்லாத் திசையிலிருந்தும் கலங்களைத் தொடுகிறது. அதனால் கோணத்துச் சங்கடம் போயிற்று, குருட்டு இடம் போயிற்று. கூடவே உண்மையான வேகமும் போயிற்று. எத்தனை கலம், எவ்வளவு வேகம் என்ற இரண்டும் பெருக்குப்பட்டு ஒரே எண்ணாக வருகிறது. அதற்கு மில்லிலீற்றர், நிமிஷம் என்ற அலகு கிடையாது. கம்பனிகள் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்ரிக் உருண்டைகளை வைத்துக் கருவியைச் சீர்செய்து, தாங்களே ஓர் அலகு வைத்துக்கொண்டார்கள். எங்கும் ஓடாமல் இருந்த இடத்திலேயே ததும்பும் உருண்டைகளை வைத்து ஓட்டத்தின் அளவுகோலைச் செய்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு உண்டு. ஒருவருடைய கையில் 80 என்றும் இன்னொருவருடைய கையில் 40 என்றும் காட்டினால், இரண்டாமவருக்குப் பாதி ரத்தம்தான் என்று சொல்ல முடியாது. அதே தோலில் நேற்றைக்கும் இன்றைக்கும், சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் ஒப்பிடலாம். ஒளி இறங்கும் ஆழமும் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான்.

அந்த ஒரு மில்லிமீற்றரில் உயிர் பிழைக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தீக்காயம் ஆழமானதா மேலோட்டமானதா என்பது முதல் நாள்களில் கண்ணுக்குத் தெரியாது. அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணரும் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று தவறக்கூடும். அடியில் ரத்தம் ஓடினால் தோல் மூன்று வாரத்துக்குள் தானே ஆறும், ஓடாவிட்டால் தோல் எடுத்து ஒட்ட வேண்டும். சுட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் லேசர் டொப்ளர் படம் எடுத்தால் இதைத் தீர்மானிக்கலாம் என்று பிரித்தானியாவின் சுகாதார மதிப்பீட்டு நிறுவனம் 2011இல் ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் தீக்காயத்தைப் பற்றிப் பேசினால் குப்பி விளக்கைப் பேசாமல் இருக்க முடியாது. பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. தட்டினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டும். மின்சாரம் பிந்தி வந்த லயங்களில் அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை படித்தது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர எரிந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்துச் சலித்து, 1992இல் விளக்கையே மாற்றப் புறப்பட்டார். குட்டையான, கனத்த கண்ணாடிப் போத்தல், உருண்டோடாமல் இருக்கப் பக்கங்களில் தட்டை, எண்ணெய் கொட்டாமல் இருக்கத் திருகு மூடி. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எரிந்த தோலின் ஆழத்தை அளக்கும் விலையுயர்ந்த இயந்திரத்தைவிட அந்தப் போத்தல் பெரிய கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

லேசரின் இன்னொரு கிளை நம்மவர்கள் பக்கமிருந்து வளர்ந்தது. லேசர் ஒளியைச் சுவரில் அடித்தால் வெளிச்சம் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாகத் தெரியும். 1960களில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் புதுத் தொல்லையாக நினைத்துத் திட்டினார்கள். புதிதல்ல. திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1919இலேயே கண்ணுக்குள் ஒளி சிதறுவதைப் பற்றி எழுதும்போது இந்த இனத்தைச் சேர்ந்த தோற்றத்தைத் தொட்டிருந்தார். அவருடைய மாணவர் ஜி. என். ராமச்சந்திரன், பெங்களூரில் இருபது வயதை ஒட்டிய பருவத்தில், நுண்துகள்கள் சிதறடிக்கும் ஒளிவளையத்தில் வெளிச்சம் இடத்துக்கிடம் ஏறி இறங்குவதை அளந்து 1943இல் வெளியிட்டார். லேசர் வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால். திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம் ராமச்சந்திரன் குடும்பத்தின் பூர்வீகம், பெயரின் முதலெழுத்து அதுதான்.

ராமச்சந்திரன் பிற்பாடு ஒளியை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1950களின் நடுவில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரேயில் வைத்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு என்று கண்டுபிடித்தார். தோலுக்கு வலுக் கொடுப்பது இந்தக் கொலாஜன். தோலுக்குள் இறங்கும் லேசரைப் பெரும்பாலும் சிதறடிப்பதும் இதுவே. முன்பு சொன்ன, அசையாத பொருளில் பட்டு மாறாமல் திரும்பும் ஒளி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு மனிதர் முதலில் பொரியைப் பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார். இரண்டும் பின்னாளில் ரத்தம் அளக்கும் கருவியில் ஒன்றாக வேலை செய்யும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. விஞ்ஞான வரலாற்றில் இப்படிப்பட்ட தற்செயல்களுக்கு நான் அளவுக்கு மீறி மயங்குகிறேன் என்பதை நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பொரியின் கதை 1981இல் ரத்தத்துக்கு வந்தது. பெர்ச்சரும் பிரையர்ஸும் சொன்னது எளிய விஷயம். இழையம் அசையாமல் இருந்தால் பொரி கூர்மையாக நிற்கும். கீழே ரத்தம் ஓடினால் பொரி மினுங்கி மினுங்கிக் கலையும். கொஞ்ச நேரம் திறந்துவைத்து ஒரு படம் எடுத்தால், ஓட்டமுள்ள இடத்தில் பொரி மங்கியிருக்கும். எங்கே மங்கல் கூடவோ அங்கே ஓட்டம் கூட. அன்றைக்குப் பிலிமில் எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. பிறகு டிஜிட்டல் கமராவும் கணினியும் வந்து, உயிருள்ள எலியின் மூளையில் ரத்தம் ஏறி இறங்குவதை அசையும் படமாகவே பார்க்க முடிந்தது. டொப்ளர் வழிக்காரர்களும் பொரி வழிக்காரர்களும் வெகு காலம் தனித்தனியாகவே நடந்தார்கள். 1996இல் பிரையர்ஸ் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார். சுருதி மாற்றம் என்று கணக்குப் போட்டாலும், பொரியின் மினுங்கல் என்று போட்டாலும், கடைசியில் வருவது ஒரே சமன்பாடு என்றார்.

இவற்றையெல்லாம் வடிவமைத்தவர்கள் பரீட்சித்துப் பார்த்தது பெரும்பாலும் வெளிர்ந்த தோலில். நம் தோலின் கருமை சிவப்பு ஒளியை விழுங்கும். அதனால் பின்வந்த கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு மாறின. கொரோனாக் காலத்தில் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்த ஒட்சிசன் மானி ரத்த ஓட்டத்தை அளப்பதில்லை, இருந்தாலும் ஒளியை நம்பும் அதன் உறவுக் கருவி. கறுப்பினத்தவரிடம் அது ஆபத்தான ஒட்சிசன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் காட்டினார்கள். வெயிலில் கொழுந்து பறித்துக் கறுத்த கைக்கு எந்த இயந்திரத்தையும் கொண்டுவருமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வழியில் இந்த நிறத் தொல்லை இல்லை. கழுத்தில் ரத்தத்தின் நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு, மூளைக்குள் அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கும் முறையை 1992இல் ஜோன் டெட்ரி செய்து காட்டினார். அழகான முறைதான், ஆனால் மலைக்குத் தூக்கிவர முடியாது.

தூக்கிவரக்கூடியது கழியொலி. தோட்டத்துக்கு இந்தப் பயணத்தில் வந்து சேர்ந்தது அதன் மிகச் சின்ன வடிவம். கிளினிக் நாளில் மிஸ்ஸி கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கும் கையடக்க டொப்ளர். அதற்கு முன் மரத்தாலோ உலோகத்தாலோ செய்த பினார்ட் குழல், மிஸ்ஸியின் காதுக்கு மட்டும் கேட்கும். டொப்ளரில் தாய்க்கும் கேட்கும், வாங்கில் வரிசையாக இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"மிஸ்ஸி, புள்ள சத்தம் கேக்குதுங்களா?"

"கொஞ்சம் பொறும்மா, அசையாத. இந்தா, இதுதான் புள்ளயோடது. இது ஒன்னோடது."

அந்தச் சத்தத்தில் எல்லாருக்கும் முகம் மலரும். மலர்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கையடக்க டொப்ளர் சொல்வது, இந்த நிமிஷத்தில் பிள்ளையின் இதயம் துடிக்கிறது என்பதை மட்டும். நச்சுக்கொடிக்குள் ரத்தம் போதிய அளவு ஓடுகிறதா, பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதை அது சொல்லாது. நச்சுக்கொடி மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் இதயம் 140இல் ஓடிக்கொண்டிருக்கலாம். எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் கூடுதலாகப் பிறக்கிறார்கள் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். தாயின் உயரக் குறைவும் ரத்தசோகையும் சாப்பாட்டுக் குறைவும் அதில் சேரும். நச்சுக்கொடி பழுதாவதும் ஒரு காரணம், அதை மட்டுமே இந்தக் கருவியின் மூத்த சகோதரமான ஆஸ்பத்திரி டொப்ளர் கண்டுபிடிக்கும்.

டப்ளினில் பிட்ஸ்ஜெரல்டும் ட்ரம்மும் 1977இல் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை வெளியே இருந்தே அளந்து வெளியிட்டார்கள். சுகமான நச்சுக்கொடியில் பிள்ளையின் இதயம் சுருங்கும்போதும் ரத்தம் முன்னே போகும், விரியும்போதும் போகும். நச்சுக்கொடிக்குள் குழாய்கள் அடைபட்டால் விரியும் நேரத்து ஓட்டம் குறையும், பிறகு நிற்கும், முற்றினால் பின்னோக்கித் திரும்பும். திரையில் அந்த அலையின் அடி காணாமல் போனால் வைத்தியர்கள் நாள் எண்ணத் தொடங்குவார்கள். இந்த அளவீட்டில் ஒரு கருணையும் உண்டு. ஓட்டத்தின் உச்சத்தையும் அடியையும் விகிதமாக எடுப்பதால் கோணம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகிறது, கோணம் தெரியாமலே விடை சரியாக வரும்.

இதைச் செய்யத் தெமோதரைப் பெண் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹாலி-எல வழியாகப் பஸ். காலையில் போனால் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும், அன்றைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். ஆபத்து என்று ஏற்கெனவே எழுதப்பட்டவர்கள் போவார்கள். ஆபத்தில்லை என்று எழுதப்பட்ட, வயிறு கொஞ்சம் சிறுத்த பெண் போகமாட்டாள்.

தென்னாபிரிக்காவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபையும் மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கருவி செய்திருக்கின்றன. பெயர் அம்பிஃப்ளோ. படம் காட்டாது, வெறும் டொப்ளர் அலையை மட்டும் கணினித் திரையில் வரையும். விலை குறைவு, தாதியரே பழகிக்கொள்ளலாம். பிரிட்டோரியாவுக்குப் பக்கத்து மமெலோடியில் சாதாரணக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, ஆபத்தில்லாதவர்கள் என்று எண்ணப்பட்ட கர்ப்பிணிகளிலும் சிலருக்கு அலையின் அடி காணாமல் போயிருப்பது தெரியவந்தது. இந்தியாவிலும் கென்யா, கானா, ருவாண்டாவிலும் பிறகு அதைச் சோதித்தார்கள். ஊவாவின் தோட்டக் கிளினிக் மேசைக்கு அது வர வேண்டுமென்றால் ஒரு கணினியும், கிளினிக் நாளில் தடைப்படாத மின்சாரமும், பழகிய ஒரு மிஸ்ஸியும், அலை மோசமாக இருந்தால் அன்றைக்கே பதுளைக்கு ஏற்றிவிட ஒரு வாகனமும் வேண்டும். போன நாளுக்கு அந்தப் பெண்ணின் பேரும் விழ வேண்டும்.